மீனும் சிங்கமும் ஒரே விலை!

குழந்தைகளே... ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய் என்று நாளிதழில் தினமும் ஒரு எண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நேற்று ஒன்று, இன்று வேறொன்று! ஆனால், 51 ஆண்டுகள் அசையாமல் நின்ற ஒரு நாணய மாற்று விகிதமும் உலகில் இருந்தது.

அது, அயர்லாந்து பவுண்டுக்கும், பிரிட்டன் பவுண்டுக்கும் இடையே இருந்த விகிதம். ஒன்றுக்கு ஒன்று!

அதற்கு முன் ஒரு பழைய கணக்கைப் பார்ப்போம். 1701ம் ஆண்டு முதல், இங்கிலாந்தின் 12 பென்ஸ், அயர்லாந்தில் 13 பென்ஸ் என்று எண்ணப்பட்டது. அப்படியானால், இங்கிலாந்தில் 60 பென்ஸ் விலையுள்ள பொருளுக்கு, அயர்லாந்து கணக்கில் எத்தனை பென்ஸ்? நோட்டை எடுக்காமல் சொல்லுங்கள்! 65 என்றவர்களுக்கு ஒரு சபாஷ். சந்தையில் தினமும் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டினர் மக்கள். அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில், 1826ல் தனிக் கணக்கு ஒழிந்து, இங்கிலாந்துப் பணமே புழக்கத்துக்கு வந்தது.

அயர்லாந்தின் பெரும்பகுதி, 1922ல் தனி நாடானது. தனி நாடு என்றால் தனிக் காசு வேண்டாமா? காசில் என்ன படம் போடலாம் என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்தனர். அதன் தலைவர், நோபல் பரிசு பெற்ற கவிஞர் டபிள்யு.பி.யேட்ஸ். நம் தாகூரின், 'கீதாஞ்சலி' ஆங்கில நூலுக்கு முன்னுரை எழுதினாரே, அவரே தான்! அரசர், தலைவர் படங்கள் எதுவும் வேண்டாம் என ஒதுக்கி, பறவை, விலங்குகளைத் தேர்ந்தெடுத்தது குழு. குதிரை, சால்மன் மீன், காளை, வேட்டை நாய், முயல், குஞ்சுகளுடன் கோழி, குட்டிகளுடன் பன்றி, காட்டுப் பறவை என, எட்டு காசுகள் 1928ல் வெளிவந்தன. மறுபக்கம் யாழ். உலகின் அழகான காசுகளில் இவற்றுக்கு இடம் உண்டு என்பது என் கருத்து.

படம் தான் வேறு, மதிப்பு வேறல்ல. எப்படி முடிந்தது? வெளியிட்ட ஒவ்வொரு அயர்லாந்து பவுண்டுக்கும் ஈடாக, பிரிட்டன் பணமும், அந்நாட்டுக் கடன் பத்திரங்களும் இருப்பில் வைக்கப்பட்டன. அயர்லாந்து நோட்டைக் கொடுத்து, லண்டனில் அதே மதிப்புக்குப் பிரிட்டன் பணம் வாங்கலாம். அப்புறம் யார் குறைத்துக் கேட்பர்?

காசுகளின் அளவும் ஒன்றே. 1970களில், பிரிட்டனின் 10 பென்ஸ் காசில் சிங்கம். அயர்லாந்தின் 10 பென்ஸ் காசில் சால்மன் மீன். அயர்லாந்துக் கடைக்காரர், இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொள்வார்.

வசதி தானே... பிறகு ஏன் பிரிந்தனர்?

அண்ணனின் கையைப் பிடித்து நடக்கும் தம்பி, அண்ணன் பள்ளத்தில் இறங்கினால், தானும் இறங்கத் தானே வேண்டும்? 1949ல் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை, 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. அயர்லாந்து பவுண்டும் உடனே இறங்கியது. 1967ல் 2.40 டாலர், அப்போதும் அதே கதி. 1975ல் பிரிட்டனில் விலைவாசி, ஓராண்டில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது, அயர்லாந்திலும் ஏறியது.

'போதும் இந்தத் துணை' என்று தோன்றாதா! 1979 மார்ச்சில், ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளுடன், 'ஐரோப்பிய நாணய முறை'யில் சேர்ந்தது அயர்லாந்து. இதில் உள்ள நாணயங்கள், ஒன்றை விட்டு ஒன்று அதிகம் விலகக் கூடாது; பெரும்பாலான நாடுகளுக்கு 2.25 சதவீதமே எல்லை. பிரிட்டனோ இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. அம்மாத இறுதியில் பிரிட்டன் பவுண்டு மேலே ஏற, அதனுடன் ஏறினால் புதிய கூட்டாளிகளின் விதி மீறப்படும். 1979 மார்ச் 30ல், பழைய கை விடப்பட்டது. ஐரிஷ் மொழியில் பவுண்டுக்கு, 'பன்ட்' என்று பெயர். அந்தப் பெயர் வெளியுலகிலும் பரவியது.

வடகடல் எண்ணெயாலும், உயர்ந்த வட்டியாலும் பிரிட்டன் பவுண்டு வலுத்தது. 1981 தொடக்கத்தில், ஒரு பன்ட்டுக்கு 80 பென்ஸ் கூடக் கிடைக்கவில்லை!

இப்போது, எல்லையில் உள்ள இரண்டு ஊர்களை எண்ணிப் பாருங்கள். பிரிட்டனுக்கு உட்பட்ட வட அயர்லாந்தில் நியூரி. இந்தப் பக்கம் அயர்லாந்தின் டன்டாக். டன்டாக்கில் குடியிருந்து, நியூரியில் வேலை பார்ப்பவருக்கு, 100 பவுண்டு சம்பளம் என்று வைத்துக் கொள்வோம். 1 பன்ட் 80 பென்ஸ் என்றால், அவர் வீட்டுக்குக் கொண்டு வருவது 125 பன்ட். நியூரியில் குடியிருந்து, டன்டாக்கில் 100 பன்ட் சம்பாதிப்பவருக்கோ, 80 பவுண்டு தான். இருவருக்கும் ஒரே உழைப்பு!

காற்று திசை மாறாதா? மாறியது. இடையில் 1990ல் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்த பிரிட்டன், 1992 செப்டம்பர் 16ல், தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறியது. அதன் பவுண்டு சரிந்ததும், ஒரு பன்ட், ஒரு பவுண்டை விட உயர்ந்தது. 1.08 என்று வைத்துக் கணக்கிடுங்கள். நியூரியில் 100 பவுண்டு வாங்கியவருக்கு, இப்போது 93 பன்ட் கூட இல்லை. பிரிட்டனுக்குப் பொருள் விற்ற அயர்லாந்து வியாபாரிகள் தவித்துப் போயினர். 1993 ஜனவரி இறுதியில், பன்ட்டின் மதிப்பை 10 சதவீதம் குறைக்க நேர்ந்தது.

கடைசியில் பன்ட்டே விடைபெற்றது. 1999 ஜனவரி 1ல், ஒரு யூரோவுக்கு 0.787564 பன்ட் என்று நிரந்தரமாக விகிதம் நிர்ணயித்தனர். ஆறு தசம இடங்கள்! 2002 ஜனவரியில் யூரோ நோட்டும், காசும் கைக்கு வந்தன. பிப்ரவரி 9ல், பன்ட் செல்லாமல் போனது. பழைய நோட்டையும், காசையும் அயர்லாந்தின் மத்திய வங்கி யூரோவாக மாற்றித் தருகிறது. அதற்குக் கடைசி நாள் கிடையாது.

டன்டாக்கில் இன்று யூரோ, நியூரியில் பவுண்டு. விகிதம் தினமும் மாறுகிறது. நியூரியின் பல கடைகளில் யூரோவையும் வாங்கிக் கொள்கின்றனர்... அன்றைய விகிதத்தைப் பார்த்து விட்டுத் தான்!