பள்ளி விதியும் தலைமயிரும்

மாணாக்கர் இன்ன உடையே உடுத்தல் வேண்டும், தலைமயிரை இன்ன அளவே வளர்த்தல் வேண்டும் என்னும் விதிகள் பல நாட்டுப் பள்ளிகளிலும் காணப்படுகின்றன. இவ்விதிகள் எதன்பொருட்டு எழுந்தன, எம்மட்டில் நியாயமாவன, எவ்விடத்தில் வரம்பு கடப்பன என்பவற்றைச் சிறிது ஆராய்ந்து கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். "தலைமயிர்தானே! வெட்டினால் மீண்டும் வளர்கின்றது. இதனை ஆராய்தற்கு என்ன உளது?" எனச் சிலர் நகைக்கலாம். அங்ஙனம் அற்பமாயின், இதனையும் இதுபோன்ற சிறு பொருள்களையும் குறித்து இருவேறு நாடுகளின் மேலான நீதிமன்றங்கள் அமர்ந்து தீர்ப்புரைக்க நேர்ந்தது ஏன் என்பதை அவர்கள் எண்ணுவார்களாக.

முதற்கண் விதியின் பக்கத்து நியாயத்தைக் கூறுவாம். 1552-இல் இலண்டனில் ஏழைச் சிறார்க்கென நிறுவப்பெற்ற கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் பள்ளியின் மாணாக்கர் நீல நிறத்து நீண்ட அங்கி அணிந்தனர். அந்நாளில் அவ்வுடை தருமத்தால் வளர்க்கப்படும் பிள்ளையைக் காட்டும் அடையாளமாயிருந்தது. இக்காலத்துச் சீருடையோ அதற்கு மறுதலையான பயனைத் தருகின்றது. செல்வன் மகனும் கூலியாள் மகனும் ஒரே நிறத்துச் சட்டையுடன் ஒரே பலகையில் அமர்வாராயின், இவன் உடையோன், இவன் இல்லோன் என்னும் வேற்றுமை கண்ணுக்குப் புலனாகாது. தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் பிள்ளைகட்கு அரசாங்கமே சீருடையை விலையின்றி வழங்குதலும் இக்கருத்துப் பற்றியேயாம். ஆதலின் சீருடை தீது என்பது எம் கருத்தன்று. அது சமத்துவத்திற்கு ஒரு கருவி.

ஆனால், உடைக்கும் மயிருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. உடையை மாலையில் கழற்றி வைக்கலாம். மயிரையோ வீட்டில் ஒருவகையாகவும் பள்ளியில் ஒருவகையாகவும் வைத்துக்கொள்ளுதல் இயலாது. பள்ளி மயிரைக் குறித்து இடும் ஆணை பிள்ளையின் இல்லத்திலும் கோயிலிலும் உடன் செல்கின்றது. அன்றியும் தலைமயிர் தொன்றுதொட்டுப் பொருள் பொதிந்த ஒன்றாகவே இருந்து வந்துளது. ஐவகையாக முடிக்கப்படுதலின் மகளிர் கூந்தலை 'ஐம்பால்' என்றனர் நம் முன்னோர். பாண்டிய மன்னன் ஒருவன் பெயரே முதுகுடுமிப் பெருவழுதி என்பது. திருமறையிலும் நசரேய விரதம் பூண்டோர் தலையிற் சவரகன் கத்தி படலாகாது என்னும் நியமம் உண்டு. சிம்சோன் இன்று நம் பள்ளியொன்றின் வாயிலில் வந்து நிற்பானாயின், அவன் வலியை வியக்குமுன் அவன் சடையைக் கண்டு திருப்பி அனுப்புவோம் போலும்!

இனி, நிகழ்ந்த வழக்குகள் இரண்டினை நோக்குவாம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துத் தனியார் பள்ளியொன்று, 1978-இல் ஒரு சீக்கியச் சிறுவனைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. மயிரை வெட்டித் தலைப்பாகையை நீக்கினாலன்றி இடமில்லை என்றனர். தலைப்பாகை கிறிஸ்தவமல்லாத சமயமொன்றின் வெளியடையாளம் என்பதும் தலைமையாசிரியர் கூறிய காரணங்களுள் ஒன்று. 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1983-இல் பிரபுக்கள் சபை அதனை மாற்றியது. 'இவ்விதிக்கு உடன்பட அச்சிறுவனால் இயலுமா?' என்பதே அங்கு எழுந்த நுட்பமான வினா. கத்தரிக்கோலை எடுத்தால் எவர் மயிரையும் வெட்ட இயலும் என்பது உண்மையே. எனினும் 'இயலும்' என்பதற்கு உடலால் இயலும் என்பது மட்டும் பொருளன்று. தன் குலமரபுக்கு மாறுபடாமல் நடைமுறையில் இயலும் என்பதே பொருள் என்று சபையார் கொண்டனர். ஒரு சொல்லின் பொருளை ஆராய்ந்து ஒரு பிள்ளைக்கு நீதி வழங்கிய இத்தீர்ப்பு, தமிழ் பயிலும் எம்மனோர்க்குப் பெரிதும் இன்பம் தருவதாகும்.

இரண்டாவது வழக்கு நம் தமிழினத்தோடு தொடர்புடையது. 1860-இல் சென்னையினின்றும் கப்பலேறி நேட்டாலிற் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்களாகச் சென்றவருள் தமிழர் பலர். அந்நாட்டுத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த பெண், டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியிற் பயின்று வந்தாள். 2004-ஆம் ஆண்டு விடுமுறை கழிந்து பள்ளிக்கு மீண்டபொழுது அவள் மூக்கிற் சிறு மூக்குத்தி இருந்தது. காதிற் சிறு தோடு அணிய இசைந்த பள்ளி விதி, மூக்குத்திக்கு இசையவில்லை. பெண் பருவமெய்துங்கால் மூக்குத்தி அணிவித்து, பதினாறாம் ஆண்டில் பாட்டி அதனை நீக்கி வைர மூக்குத்தி இடுதல் தம் குடும்ப வழக்கம் எனத் தாயார் எழுதினார். பள்ளி இணங்கவில்லை. வழக்குப் பல படிகளைக் கடந்து, 2007 அக்டோபர் 5-ஆம் நாள் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்தில் முடிவெய்தியது.

தலைமை நீதிபதி பயஸ் லங்கா அவர்கள் உரைத்த தீர்ப்பின் சாரம் வருமாறு: பள்ளிக்குச் சீருடை விதி இருத்தல் தக்கதே. ஆயினும் காதணிக்கு இடந்தந்து மூக்கணியை விலக்கும் விதி, எல்லார்க்கும் பொது என்று தோன்றினும், பெரும்பான்மையோர் வழக்கத்தையே அளவுகோலாகக் கொண்டது. மூக்குத்தி சமயக் கட்டளையன்று, விரும்பி அணிவதே என்பதால் மட்டும் அது காப்பிற்குத் தகுதியற்றதாகி விடாது. மனமுவந்து மேற்கொள்ளும் வழக்கமும் ஒருவர் வாழ்வில் ஆழ்ந்த பொருளுடையதாகலாம். அம்மாணவி ஈராண்டுக்கு மேலாக மூக்குத்தியுடன் பயின்றும் பள்ளியின் ஒழுங்கு குலைந்ததற்குச் சான்றில்லை. இங்ஙனம் கூறி, மாணாக்கர், பெற்றோர், ஆசிரியர் ஆகியோருடன் கலந்து விதியைத் திருத்துமாறும், சமயம் மரபு பற்றி விலக்கு வேண்டுவோர்க்கு ஒரு முறையை வகுக்குமாறும் நீதிமன்றம் ஆணையிட்டது. தீர்ப்பு வெளிவந்தபொழுது அம்மாணவி பள்ளியை விட்டு நீங்கியிருந்தாள். பயன் அவளுக்குப் பின் வந்தோர்க்கே உரியதாயிற்று. அந்நாட்டிலேயே 2016-இல் பிரிட்டோரியா நகரத்துப் பெண்கள் பள்ளியொன்றிற் கறுப்பின மாணவியர் தம் இயற்கைக் கூந்தலைப் பற்றிய விதிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இச்செய்திகள் கடல் கடந்தவை. நமக்கென்ன என்று வாளாவிருத்தல் ஆகாது. திருநெல்வேலிச் சீமையில் மிஷனரிமார் சிலர், கிறிஸ்தவரானவர் குடுமியைக் களைதல் வேண்டும், அஃது அஞ்ஞான மார்க்கத்தின் அடையாளம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. அக்கருத்தை மறுத்தவர் பிறர் அல்லர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல் ஐயரே. குடுமியைக் குறித்த அவர் கட்டுரை 1875-இல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் வெளிவந்தது. குடுமி சமயச் சின்னமன்று, நாட்டு வழக்கமே என்பது அவர் துணிபு. அயல்நாட்டிற் பிறந்த அப்பெரியார், கத்தரிக்கு முன்னர் ஆராய்ச்சியை வைத்தார். மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் அவர் தமிழ்த்தொண்டைப் போற்றுதலோடு இப்பொறுமையையும் போற்றுதல் தகும்.

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். ஒன்று, விதிக்கு ஒரு பயன் சொல்லப்படுதல் வேண்டும். தூய்மைக்கும் பாதுகாப்பிற்கும் சமத்துவத்திற்கும் உதவும் விதியை யாரும் வெறார். இரண்டு, எல்லார்க்கும் ஒரே விதி என்பதனாலேயே அதன் சுமை எல்லார்க்கும் ஒன்றாகிவிடாது. ஒருவனுக்கு அரையணாச் செலவாகும் விதி மற்றொருவனுக்கு அவன் குலமரபையே விலையாகக் கேட்கலாம். மூன்று, விதியை மீறியவனைத் திருத்தும் முறை அவன் மானத்தைக் கெடுத்தலாகாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயிர் நீண்ட சிறுவனை வரிசையினின்றும் பிரித்துப் பலர் நகைக்க நிறுத்துதலை நம்முள் கண்டவர் பலர். பிள்ளைகளை உடலால் ஒறுத்தலையும் உள்ளத்தால் வருத்துதலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு விலக்கியுள்ளது. மயிர் மீண்டும் வளரும். அன்று குனிந்த தலை நிமிர்தற்கு நெடுநாட் செல்லும்.

இக்கல்லூரியை விட்டுச் செல்வோருள் ஆசிரியராவோர் பலர். இன்று விதிக்கு அடங்கி நிற்கும் நம் கையிலேயே நாளை விதி எழுதும் கோல் வரும். அந்நாளில் ஒரு சிறுவன் சடையோடோ, ஒரு சிறுமி மூக்குத்தியோடோ நம் முன் வந்து நின்றால், "ஏன் இப்படி வந்தாய்?" என்று வெகுளுமுன், "இஃது உனக்கு என்ன பொருளுடையது?" என்று ஒரு வினா வினவுவோமாக. அதற்கு அப்பிள்ளை கூறும் விடையைக் கேட்ட பின்னரும் விதியைச் செலுத்த நேரலாம். ஆயினும் கேட்டுச் செலுத்திய விதிக்கும் கேளாது செலுத்திய விதிக்கும் உள்ள வேற்றுமையை அப்பிள்ளை வாழ்நாள் முழுதும் மறவாது.