களப்பெயரும் வணிகக்குறியும்

ஒரே பெயரில் இரண்டு ஊர்களில் இரு கடைகள் நடைபெறலாம். இணையத்திலோ, தளத்தின் முகவரியாகிய களப்பெயர் ஒருவர்க்கே உரியது. முந்திப் பதிந்தவர்க்கே அது கிடைக்கும். பூசலின் வேர் இதுவே.

சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரிலிருந்து ‘சிஃபி’ என்னும் சொல்லைப் புனைந்து, 1999இல் அதனைக் களப்பெயர்களில் பதிந்தது. 2001இல் மற்றொரு நிறுவனம் அச்சொல்லின் ஆங்கில எழுத்தொன்றை இரட்டித்துத் தன் களப்பெயரில் வைத்துக்கொண்டது. தன் நிறுவனர் ஐவரின் பெயர் முதலெழுத்துகளே அவை என்று அது வாதிட்டது; நயமான விளக்கந்தான்! கர்நாடக உயர்நீதிமன்றத்தில் அந்நிறுவனமே வென்றது.

2004இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வணிகக்குறிச் சட்டத்தில் களப்பெயர் என்னும் சொல்லே இல்லை. எனினும், பிறர் ஈட்டிய நற்பெயரைத் தனதெனக் காட்டி வணிகம் செய்வதைத் தடுக்கும் நெறி, களப்பெயருக்கும் பொருந்தும் என்று அது தீர்ப்பளித்தது.