முதுமையில் எடைக் குறைப்பு: ‘குறையுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது

நீரிழிவு, இரத்த அழுத்தச் சோதனைக்காக அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்லும் மூத்த குடிமக்கள் பலர் கேட்டுப் பழகிய அறிவுரை, ‘எடையைக் குறையுங்கள்’ என்பது. எப்படிக் குறைப்பது என்று உட்கார்ந்து பேச, கூட்டம் நிறைந்த கிளினிக்கில் நேரம் கிடைப்பது அரிது. இந்தக் குறையைத் தீர்க்க உதவுவதே சுகாதார வழிகாட்டல் முறை.

நம் சமூகத்திற்கு இதன் தேவை அதிகம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். 2019 ஆய்வில் நீரிழிவின் தேசிய அளவு 18.3 விழுக்காடு; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

வழிகாட்டி என்ன செய்கிறார்?

வழிகாட்டி உத்தரவு போடுவதில்லை, கேள்வி கேட்கிறார். பிரிக்பீல்ட்ஸில் காலை நடை முடிந்து நண்பர்களோடு தே தாரிக் குடிப்பவரிடம், “கடைக்குப் போகாதீர்கள்” என்றால் அவர் கேட்கமாட்டார். அந்தச் சந்திப்பு அவருக்கு முக்கியம். “நாளைக்கு எத்தனை கிளாஸ்? எதை மாற்ற முடியும்?” என்று கேட்டால், மூன்றில் ஒன்றை ‘தே ஓ கோசோங்’ ஆக்கலாம் என்று அவரே முடிவெடுப்பார். அடுத்த வாரம் வழிகாட்டி அதைப் பற்றி விசாரிப்பார். முடியவில்லை என்றால் காரணம் கேட்டு, வேறு சிறிய இலக்கை வைப்பார்கள்.

வீட்டில் சமைப்பவரையும் இதில் சேர்க்க வேண்டும். மகளோ மருமகளோ சமைக்கும் வீட்டில், தாத்தாவிடம் மட்டும் பேசிப் பயனில்லை. தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு என்ற சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறையை முழுக் குடும்பமும் பின்பற்றலாம்.

ஆய்வுகள் காட்டுவது

நீரிழிவு வரும் நிலையில் இருந்த 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குத் தனி வழிகாட்டிகள் நியமிக்கப்பட்டனர். எடையில் 7 விழுக்காடு குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி ஆகியவை இலக்குகள். அப்பிரிவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. 60 வயதைக் கடந்தவர்களிடம் 71 விழுக்காடு குறைந்தது.

சிரம்பானிலும் நீரிழிவின் முன்நிலையில் இருந்தவர்களுக்குக் குழுச் சந்திப்புகளும் தனி ஆலோசனையும் அளித்து ஓராண்டு ஆய்வு நடந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களின் இரத்தச் சர்க்கரை கூடுதலாகக் குறைந்ததாக 2016-இல் வெளியான முடிவு காட்டியது.

எடையோடு தசையும் போகக்கூடாது

வயதானவர்கள் கஞ்சி மட்டும் குடித்தோ, பல வேளை பட்டினி கிடந்தோ எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். கால்களில் வலு குறைந்தால் குளியலறையில் விழும் ஆபத்து கூடும். உடல் பருமன் கொண்ட மூத்தவர்கள் 160 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு நடைப்பயிற்சி போன்றவற்றையும் தசைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் உடல் இயக்கமே அதிகம் மேம்பட்டது.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் போத்தலைத் தூக்கி இறக்குவது ஆகியவை வீட்டிலேயே செய்யக்கூடியவை. தோசைக்குச் சட்னி மட்டும் போதாது. கெட்டியான சாம்பாரோ அவித்த முட்டையோ சேர்ந்தால் புரதம் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இன்சுலின் அல்லது கிளிக்லசைட் மாத்திரை எடுப்பவர்கள் மருந்தின் அளவை மாற்றாமல் திடீரென உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கோயில் விரத நாட்களுக்கும் இது பொருந்தும். மருத்துவரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைந்தால் அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். உடனே பரிசோதிக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது?

கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ வழக்கமாகச் செல்லும் அரசாங்கக் கிளினிக்கில், உணவியல் அதிகாரியைச் சந்திக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கலாம். 40 வயதைக் கடந்த, குறைந்த வருமானப் பிரிவினருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. சமூகநல இலாகாவின் கீழ் இயங்கும் ‘பாவே’ எனப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களில் சேர்ந்தால், உடற்பயிற்சிக்குத் துணை கிடைக்கும்.

உணவு, மருந்து பற்றிய ஆலோசனையை அதிகாரியிடமும் மருத்துவரிடமும் பெற வேண்டும். வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, “இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள் அம்மா?” என்று கேட்கும் வேலையைப் பிள்ளைகளோ அண்டை வீட்டாரோ செய்யலாம்.