ஐஸ்கிரீமால் பிறந்த மோட்டார்... 'பொறி' வராவிட்டால் என்ன செய்கிறார்கள்?

ஏரிக்கு நடுவே ஒரு தீவு. அங்கே பிக்னிக் போன இடத்தில் பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் ஆசை வந்துவிட்டது. ஓலே எவின்ரூட் கரைவரை துடுப்பு வலித்துப் போய் வாங்கிவந்தார். படகு திரும்பி வருவதற்குள் வெயிலில் ஐஸ்கிரீம் பாயசமாகியிருந்தது! 'படகுக்கு மோட்டார் இருந்தால்?' என்று அவர் யோசித்தது அன்றுதான் என்கிறது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. 1909-ல் அவருடைய மோட்டார் விற்பனைக்கு வந்தது. கணக்கு வழக்கையும் விளம்பரத்தையும் மனைவி பெஸ்ஸே பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெயர் தாங்கிய 1950-களின் மோட்டார்கள் அமெரிக்க ஏரிகளில் இன்னும் ஓடுகின்றன. தாத்தா வாங்கியதைப் பேரன் ஓட்டுவது அங்கே சகஜம். ஆனால், ஏரி நடுவே பொறி நின்றால் பேரனும் துடுப்புதான் வலிக்க வேண்டும்.

இந்த மோட்டார்களில் பொறிக்கு பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்தால் ஃபிளைவீல் சுற்றும். அதிலுள்ள காந்தம் காயிலைக் கடக்கும். பாயிண்ட் திறக்கும் நொடியில் பிளக்கில் பொறி பாயும். பழைய ஸ்கூட்டர் வைத்திருந்த வீடுகளில் 'பாயிண்ட்டைத் தேய்ச்சியா?' என்ற கேள்வி நினைவிருக்கிறதா? அதே சமாச்சாரம்தான்.

அந்தக் காலக் காயில்களின் மேலுறை, வயதானால் வெடித்துவிடும். ஈரம் புகுந்து, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசியும். நல்லவேளை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மாதிரிக் காயிலைப் பல மாடல்களில் போட்டிருந்தார்கள். அதனால் புதிது இன்றும் கிடைக்கிறது. கூடவே கண்டென்ஸரையும் மாற்றி, பாயிண்ட் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்கு வைத்தால் வேலை முடிந்தது. ஃபிளைவீலைக் கழற்றுவதில்தான் பலர் சொதப்புகிறார்கள். விளிம்பைக் கொக்கி போட்டு இழுத்தால் அது கோணிவிடும். நடுவிலுள்ள மூன்று துளைகளில் போல்ட் மாட்டும் புல்லரால்தான் எடுக்க வேண்டும்.

1970-களில் சி.டி.ஐ. வந்தது. பாயிண்ட் போய், கறுப்பாக ஒரு 'பவர் பேக்' உட்கார்ந்துகொண்டது. அதிலுள்ள கெப்பாசிட்டர் சில நூறு வோல்ட்டைச் சேர்த்துவைத்து, ஒரே மூச்சில் காயிலுக்குள் கொட்டும். உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் திறந்து பார்க்க வழியில்லை. போனால் மாற்றத்தான் வேண்டும். விலையும் அதிகம்.

பொறி இல்லை என்றதும் அதை வாங்க ஓடுவது வீண்செலவில் முடியலாம். பல நேரங்களில் குற்றவாளி ஸ்டாப் ஸ்விட்ச்! அதற்குப் போகும் வயரை பவர் பேக்கிலிருந்து கழற்றிவிட்டுச் சோதித்தால் குட்டு உடைந்துவிடும். பொறி திரும்பினால், கோளாறு ஸ்விட்ச்சிலோ அதன் வயரிலோதான். ஒரு எச்சரிக்கை: வயரைக் கழற்றிய நிலையில் எஞ்சின் கிளம்பிவிட்டால், ஸ்விட்ச்சை அழுத்தி நிறுத்த முடியாது, சோக்கைப் பிடித்துத்தான் அணைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறியைச் சோதிப்பதும் கூடாது.

எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு 2020-ல் நின்றுபோனது. பழைய மோட்டார்களுக்கான பவர் பேக்குகளை இப்போது வேறு நிறுவனங்கள் செய்கின்றன. சுத்தியல் மாதிரி எளிமையான 1950-களின் மோட்டாருக்கோ, ஒரு காயிலும் உப்புத்தாளும் போதுமானதாக இருக்கிறது.