இரண்டு பேர், இரண்டு பை

சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைத்தால் பன்றி வேட்டைக்குப் புறப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. நாமும் போனவர்கள்தாம்.

ஒருமுறை, "பாரம் குறையட்டும் அண்ணே" என்று கூட்டாளி சொல்ல, சாமான்களைப் பங்கு போட்டோம். டார்ச் லைட்டும் நெருப்புப் பெட்டியும் அவர் பையில். சோறும் தண்ணீரும் நம் பையில். மலையடியில் மழை பிடித்தது. ஆளுக்கொரு பக்கம் வழி தவறினோம். அவருக்கோ பட்டினி, நமக்கோ கும்மிருட்டு. என்னத்தைச் சொல்ல! விடியும்வரை கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அன்று படித்த பாடம் இது: சட்டி, அரிசி, கூடாரத் துணியைப் பங்கு போடலாம். உயிர் காக்கும் சாமான் மட்டும் ஆளுக்கொன்று வேண்டும். டார்ச் லைட், தண்ணீர், பாராங் கத்தி, விசில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய நெருப்புப் பெட்டி. கூடவே ஒரு துண்டு ஒட்டுப்பால். ஈர விறகையும் பற்ற வைக்கும். அட்டைக்குப் புகையிலை. சட்டை பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். புதர் அசைந்ததும் சுடுகிறவன் கூட்டாளியையே சுட்டுவிடுவான்.

2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றி வேட்டைக்கும் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கிக்குத் தனி லைசென்ஸ். சுருக்குக் கம்பி வைப்பது குற்றம்.

போகும் திசையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். காத்திருக்கிறவளுக்கு இறைச்சியா பெரிசு? நீங்கள் வந்து சேருவதுதான் பெரிசு.