வரைபடக் கணிப்பான்

வரைபடக் கணிப்பான் என்பது சமன்பாடுகளை வளைகோடுகளாகத் திரையில் வரைந்து காட்டும் கையடக்கக் கருவியாகும். இவ்வகையில் முதலாவது, 1985இல் கேசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி.

பொறியியல் மாணவர் இதை வாங்குமுன் விலையைவிடத் தேர்வு விதியையே முதலில் பார்க்க வேண்டும். டிஐ-89, எச்பி 50ஜி போன்றவை மாறிக்கு எண் கொடுக்காமலே வகையிடும், தொகையிடும். விடையைக் கோவையாகவே தரும். இந்தத் திறமைதான் தேர்வறையில் இடைஞ்சல். அமெரிக்காவில் பொறியாளர் உரிமத்துக்கான முதற்கட்ட எஃப்இ தேர்வு, எஃப்எக்ஸ்-991, டிஐ-36எக்ஸ் போன்ற வரைபடமற்ற சில வகைகளை மட்டுமே ஏற்கிறது. இந்தியாவின் கேட் தேர்விலோ சொந்தக் கணிப்பானுக்கே இடமில்லை. கணினித் திரையில் தோன்றும் மெய்நிகர்க் கணிப்பான்தான். பெரிய கருவியிலேயே பழகிய கை அங்கே தடுமாறும்.

கலப்பெண், அணி, எண்முறைத் தொகையீடு ஆகியவற்றை எஃப்எக்ஸ்-991 வகையே செய்துவிடும். வளைகோட்டின் போக்கைப் பார்த்துப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கே வரைபடத் திரை தேவைப்படும். அதையும் இப்போது கைப்பேசியில் டெஸ்மோஸ் இலவசமாக வரைந்து தருகிறது.