சினமும் இரைப்பையும்

உண்ணும்போது பிள்ளைகளை ஏசலாகாது என்பர் நம் பாட்டிமார். அதன் காரணத்தைக் கண்ணாரக் கண்டவர், ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் அந்நாளில் மாணவராயிருந்த வோல்ற்றர் கனன். பிஸ்மத் உப்புக் கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டி, எக்ஸ் கதிரினால் இரைப்பையை நோக்கினார். அலையலையாக அசைந்த இரைப்பை, பூனை சினந்ததும் அசைவற்று நின்றது. தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தியதும் மீண்டும் அசைந்தது. 1898இல் இதனை வெளியிட்டார்.

அச்சமோ சினமோ மூண்டால் பரிவு நரம்புகள் விழித்தெழுகின்றன. அதிரீனற் சுரப்பி குருதியில் ஓமோனைச் சொரிகின்றது. இதயம் விரைகின்றது, குருதி குடலைவிட்டுத் தசைகளுக்குப் பாய்கின்றது. ஓடவோ போரிடவோ இஃது உதவும். சோறு செரிக்க உதவாது.

பரீட்சைக் காலையில் பிள்ளையின் வாயிற் பிட்டைத் திணிக்கும் அன்னையர் இதனைக் கவனிப்பாராக. பிள்ளை அடம்பிடிக்கவில்லை, அதன் இரைப்பையன்றோ வேலைநிறுத்தஞ் செய்கின்றது! சிறிது கஞ்சி போதும். பரீட்சை முடிந்ததும் பிள்ளை தானே கேட்டு உண்ணும்.